மறைதல் அறிவியலும் மறையாத அறமும்

காணுதல் என்பது யாது என்னும் வினாவிற்கு விடை கண்ட பின்னரே, காணாமற் போதல் எவ்வாறு என்னும் வினாவை எழுப்ப இயலும். கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதால்தான் நாம் காண்கிறோம் என்று பண்டைய அறிஞர்களான யூக்ளிடும் தாலமியும் எண்ணினர். பல நூற்றாண்டுகள் நிலைபெற்றிருந்த இக்கருத்தை ஈராக்கின் பஸ்ரா நகரில் ஏறத்தாழ கி.பி. 965இல் பிறந்த இப்னுல் ஹைதம் மறுத்தார். பொருளின்மேல் பட்ட ஒளி அதன் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நாற்புறமும் சிதறுகிறது. அவ்வொளி கண்ணை வந்தடையும்போதே காட்சி பிறக்கிறது என்று அவர் நிறுவினார். இருட்டறையின் சிறு துளை வழியே ஒளியைப் புகவிட்டு ஆராய்ந்தார். 'கிதாபுல் மனாழிர்' என்னும் அவர்தம் ஒளியியல் நூல் இலத்தீன் மொழிக்குச் சென்று ஐரோப்பிய அறிஞர்க்குப் பாடமாயிற்று. ஐக்கிய நாடுகள் அவை 2015ஆம் ஆண்டினை அனைத்துலக ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது, அந்நூலின் ஆயிரமாண்டு நிறைவும் சேர்த்தே நினைவுகூரப்பட்டது.

அவருக்குச் சற்று முன்னர், 984ஆம் ஆண்டளவில் பாக்தாதில் வாழ்ந்த இப்னு ஸஹ்ல் என்பார், ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்திற்குள் புகும்போது எவ்வளவு வளையும் என்னும் விதியை வடிவ கணித முறையில் கண்டறிந்து, வில்லைகளை வடிவமைக்கப் பயன்படுத்தினார். ஐரோப்பாவில் 1621இல் அவ்விதியைக் கண்ட ஸ்நெல்லின் பெயரே நம் பாடநூல்களில் நின்றுவிட்டது. இப்னு ஸஹ்லின் பங்கினை வரலாற்றாய்வாளர் ருஷ்தி ராஷித் 1990இல்தான் உலகறியச் செய்தார்.

இவ்விரு பெருமக்கள் தந்த உண்மைகளே இன்றைய மறைதல் அறிவியலைத் தாங்கும் தூண்கள். ஒரு பொருளிலிருந்து ஒளி நம் கண்ணுக்கு வாராவிடின் அப்பொருள் தெரியாது. ஆயின், அது மட்டும் போதாது. பின்னுள்ள சுவரிலிருந்து வரும் ஒளியை அப்பொருள் தடுக்குமாயின், நிழலுருவாகவேனும் அது தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே, முற்றிலும் மறைய வேண்டிய பொருள் தன்மேற்பட்ட ஒளியைச் சிதறவிடவும் கூடாது. தனக்குப் பின்னிருந்து வரும் ஒளியைத் தடுக்கவும் கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே செய்வது இயலுமா என்பது அறிவியல் வினா. மறைபவர் யார், எதற்காக மறைகிறார், மறைந்து செய்ததற்கு யாரிடம் கணக்குக் கொடுக்கிறார் என்பன அறவியல் வினாக்கள். முன்னதற்கு விடை தேடப் பெருஞ்செல்வம் செலவிடப்படுகிறது. பின்னவற்றைக் கேட்பார் சிலரே. கண்ணுக்கு மறைவது குற்றமன்று, கணக்கிற்கு மறைவதே குற்றம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

பழைய கனவும் பழைய வினாவும்

ஏறத்தாழ 2400 ஆண்டுகட்கு முன்னர் வாழ்ந்த பிளேட்டோ தம் 'குடியரசு' என்னும் நூலில் லிடியா நாட்டு இடையன் ஒருவனின் கதையை எடுத்துரைக்கிறார். நிலம் பிளந்த வெடிப்பினுள் அவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதன் முகப்பை உட்புறமாகத் திருப்பினால் அவன் பிறர் கண்ணுக்குத் தெரியமாட்டான். அதனை அறிந்ததும் அவன் அரண்மனை புகுந்து, அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, அரியணை ஏறுகிறான். இத்தகைய மோதிரங்கள் இரண்டிருந்து, ஒன்றை நல்லவனுக்கும் மற்றொன்றைத் தீயவனுக்கும் அளித்தால், இருவர் நடத்தையிலும் வேறுபாடு இருக்குமா? பிளேட்டோவின் நூலில் எழுப்பப்படும் வினா இதுவே. யாரும் காணாத இடத்திலும் மனிதன் நேர்மையாய் இருப்பானா என்பதே அதன் பொருள்.

கண்ணில் மை தீட்டி மறையும் அஞ்சன வித்தை நம் நாட்டுக் கதைகளிலும் உண்டு. மேகத்துள் மறைந்து நின்று நாகபாசம் ஏவும் இந்திரசித்தனைக் கம்பர் காட்டுகிறார். கதை மரபிலிருந்து இக்கனவை அறிவியல் மொழிக்குக் கொணர்ந்தவர்களுள் தலையாயவர் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். 1897இல் அவர் எழுதிய 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' என்னும் புதினத்தில், கிரிஃபின் என்னும் ஆய்வாளன் தன் உடலின் ஒளிவிலகல் எண்ணைக் காற்றின் ஒளிவிலகல் எண்ணுக்குச் சமமாக்கி மறைந்துவிடுகிறான். மறைந்தவன் பெற்றதோ பசியும் குளிரும் தனிமையும். இறுதியில் அவன் ஊரையே அச்சத்தால் ஆளத் துணிந்து அழிகிறான். மோதிரத்தைப் பற்றிய பழைய வினாவிற்கு வெல்ஸும் நம்பிக்கையான விடை தரவில்லை.

இயற்கை காட்டும் வழி

வெல்ஸ் சொன்ன அறிவியல் வெறும் கற்பனையன்று. காற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1, நீருக்கு 1.33, பைரக்ஸ் கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.47. கிளிசரினுக்கும் ஏறத்தாழ அதே 1.47. எனவே, பைரக்ஸ் கண்ணாடித் தண்டினைக் கிளிசரினுள் அமிழ்த்தினால், அமிழ்ந்த பகுதி கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. நம் கல்லூரி ஆய்வகங்களிலேயே மாணவர் இதனைச் செய்து காணலாம். இரு ஊடகங்களுக்கிடையே எண் வேறுபாடு இல்லையெனின், ஒளி வளையவும் தேவையில்லை, எதிரொளிக்கவும் தேவையில்லை.

உயிரினங்கள் இக்கலையை நெடுங்காலமாகவே அறிந்துள்ளன. நம் மீனவர் வலையில் அகப்படும் கணவாய், தன் தோலிலுள்ள நிறப்பைகளைத் தசைகளால் விரித்தும் சுருக்கியும் நொடிப்பொழுதில் கடற்பாறையின் நிறம் கொள்கிறது. நடு அமெரிக்கா, தென்னமெரிக்கா ஆகியவற்றின் காடுகளில் வாழும் கண்ணாடித் தவளை வேறொரு வழியைக் கையாள்கிறது. பகலில் இலையின்மேல் உறங்கும்போது அது தன் சிவப்பணுக்களில் ஏறத்தாழ 89 விழுக்காட்டைக் கல்லீரலுக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு, உடல் முழுவதையும் ஒளி ஊடுருவும் நிலைக்குக் கொணர்கிறது என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அவ்வளவு அணுக்கள் ஓரிடத்தில் நெருங்கியும் குருதி உறைவதில்லை. மருத்துவ உலகம் இதனை வியந்து நோக்குகிறது.

2024 செப்டம்பரில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, வெல்ஸின் கற்பனைக்கு மிக அருகில் வருகிறது. தோல் ஒளிபுகாதிருப்பதற்குக் காரணம், அதிலுள்ள நீருக்கும் கொழுப்பு, புரதம் முதலியவற்றிற்கும் ஒளிவிலகல் எண் வேறுபடுவதே. உணவுப் பண்டங்களில் மஞ்சள் நிறத்திற்காகச் சேர்க்கப்படும் டார்ட்ராசின் என்னும் சாயத்தைக் கரைத்துச் சுண்டெலியின் தோலில் தேய்த்தபோது, நீரின் எண் உயர்ந்து ஏனையவற்றோடு நெருங்கியது. எலியின் உள்ளுறுப்புகளும் தலையின் குருதிக்குழாய்களும் தோலின் வழியே தெரிந்தன. சாயத்தைக் கழுவியதும் தோல் பழைய நிலையை அடைந்தது. இம்முறை மனிதரிடம் பயன்படுத்தத்தக்கதென இன்னும் நிறுவப்படவில்லை. ஆயின், கத்தியின்றி உடலுள் நோக்கும் வழி ஒன்று இதனால் திறந்திருக்கிறது.

ஒளியை வளைக்கும் வழி

பொருளையே மாற்றாமல், ஒளியை அதனைச் சுற்றி நடத்திச் செல்வது மற்றொரு வழி. ஆற்றின் நடுவே பாறை நிற்கிறது. நீர் இருபுறமும் பிரிந்து ஓடி, அப்பால் மீண்டும் ஒன்று சேர்கிறது. நெடுந்தொலைவில் நின்று நீரோட்டத்தை மட்டும் காண்பவன், மேலே ஒரு பாறை உண்டென அறியமாட்டான். ஒளியும் அவ்வாறு பிரிந்து சேருமாயின், இடையிலுள்ள பொருள் மறைந்துவிடும்.

ஒளியை இங்ஙனம் நடத்த இயற்கைப் பொருள்கள் போதா. 1967இல் உருசிய இயற்பியலார் வெசெலாகோ, எதிர்மறை ஒளிவிலகல் எண் உடைய பொருள் இருக்குமாயின் ஒளி அதில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்று கணித்தார். அத்தகைய பொருள் அன்று எவரிடமும் இல்லை. முப்பதாண்டுகள் கழிந்து, இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பெண்ட்ரி அதனை ஆக்கும் வழியைக் கூறினார். பொருளின் வேதியியலை விட்டு அதன் வடிவமைப்பை அவர் பற்றிக்கொண்டார். அலைநீளத்தைவிடச் சிறிய உலோக வளையங்களையும் கம்பிகளையும் ஒழுங்குற அடுக்கினால், அவ்வடுக்கு முழுவதும் ஒரே பொருள்போல் அலையை வளைக்கும். இவற்றை மீப்பொருள்கள் என்பர்.

2006இல் பெண்ட்ரியும் அமெரிக்க அறிஞர்களும் ஒருபுறம், உல்ஃப் லியோன்ஹார்ட் மறுபுறம், மறைக்கும் உறைக்கான கணிதத்தை வெளியிட்டனர். அவ்வாண்டு அக்டோபரிலேயே டியூக் பல்கலைக்கழகத்தில் அதற்குச் செயல்வடிவம் கிடைத்தது. ஒன்றனுள் ஒன்றாகப் பத்து வளையங்களாக அமைந்த, ஏறத்தாழ 12 செ.மீ. விட்டமுள்ள உறையின் நடுவே ஒரு செம்பு உருளை வைக்கப்பட்டது. 8.5 கிகாஹெர்ட்சு அதிர்வெண் கொண்ட நுண்ணலைகள் அவ்வுருளையைச் சுற்றிச் சென்று மறுபுறம் சேர்ந்தன. நிழல் முற்றிலும் நீங்கவில்லையெனினும் பெரிதும் குறைந்தது.

நுண்ணலையில் இயன்றது ஒளியில் ஏன் எளிதில் இயலவில்லை? அந்நுண்ணலையின் நீளம் ஏறத்தாழ 3.5 சென்டிமீட்டர், வளையங்களைச் சில மில்லிமீட்டர் அளவில் செய்தால் போதும். கண் காணும் ஒளியின் அலைநீளமோ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. தலைமயிரின் பருமனில் நூறில் ஒரு பங்கிற்கும் குறைவு. அதனினும் சிறிய உறுப்புகளைக் கோடிக்கணக்கில் பிழையின்றி அடுக்கவேண்டும். ஆயினும் முயற்சிகள் நின்றுவிடவில்லை. 2011இல் பிரிட்டன் ஆய்வாளர்களும், சிங்கப்பூர் – எம்.ஐ.டி. கூட்டாய்வாளர்களும் தனித்தனியே, கால்சைட் படிகத்தை வெட்டி ஒட்டி, அதன் அடியில் வைத்த கண்ணாற் காணத்தக்க அளவுள்ள சிறு பொருளை மறைத்துக் காட்டினர். 2015இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் 80 நானோமீட்டர் தடிமனுள்ள, நுண்ணிய தங்கத் துண்டுகள் பதித்த தோல் ஒன்றை ஆக்கினர். அதனால் போர்த்தப்பட்ட பொருள் சில உயிரணுக்களின் அளவினதே. செந்நிற ஒளியில் அது தட்டையான கண்ணாடிபோல் தோன்றிற்று.

மறைதலுக்கு இயற்கை விதித்த எல்லை

இவற்றைக் கேட்கும்போது, நாளையே மாயப் போர்வை கடைக்கு வந்துவிடும் என எண்ணத் தோன்றும். அங்ஙனம் எண்ணுதற்கு இடமில்லை. ஒளி ஒரு பொருளைச் சுற்றிச் செல்லும்போது நேர்வழியைவிட நெடிய வழியில் செல்கிறது. எனினும் நேர்வழியில் சென்ற ஒளியோடு ஒரே நேரத்தில் மறுபுறம் சேர்ந்தால்தான் சூழ்ச்சி வெளிப்படாது. நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் என்பது ஒளியின் வேக வரம்பு. ஒரே நிறமுடைய, இடையறாது வரும் அலையில் அலைமுகடுகளின் அமைப்பை மாற்றி இதனை ஒருவாறு நிறைவேற்றலாம். எல்லா நிறங்களும் கலந்த பகலொளிக்கு இவ்வழி செல்லாது. ஆண்ட்ரியா ஆலு, ஃபிரான்செஸ்கோ மான்டிகோன் ஆகியோர் 2013இல் இன்னுமொரு தடையைக் காட்டினர். தானே ஆற்றல் ஊட்டாத இத்தகைய உறையால் ஒரு நிறத்தில் மறைக்கப்பட்ட பொருள், எல்லா நிறங்களையும் கூட்டிப் பார்க்குங்கால், உறையில்லாத பொருளைவிட மிகுதியாகவே ஒளியைச் சிதறடிக்கும். ஓரிடத்தில் மறைத்தது வேறிடத்தில் கூடுதலாக வெளிப்படும் என்பது கணிதம் தரும் முடிவு.

எண்ணத்தக்க உண்மை வேறொன்றும் உண்டு. ஒளி முழுவதும் சுற்றிச் சென்றுவிடுமாயின், உறையினுள் இருப்பவன் கண்ணை எந்த ஒளியும் அடையாது. அவன் காரிருளில் நிற்பான். வெல்ஸின் கிரிஃபினுக்கும் இதே இடர் உண்டு. ஒளியை ஏற்று நிறுத்தாத விழித்திரையால் எதையும் காண இயலாது. பிறர் காணாதவாறு முற்றும் மறைபவன் பிறரைக் காணும் ஆற்றலையும் இழக்கிறான். இப்னுல் ஹைதம் கண்ட உண்மையின் மறுபக்கம் இது.

போர்க்களத்து மறைதல்

கண்ணுக்கு மறையும் போர்வை கனவாகவே இருக்க, ராடாருக்கு மறையும் வானூர்தி பல்லாண்டுகட்கு முன்னரே நனவாயிற்று. அதன் கதை ஒரு கணித நூலில் தொடங்குகிறது. 1962இல் மாஸ்கோவில் பியோத்தர் உஃபிம்ட்சேவ் என்பார், கூர்விளிம்புகளில் பட்ட அலைகள் எவ்வாறு சிதறும் என்பதைக் கணிக்கும் நூலை வெளியிட்டார். அது வெளிப்படையாகவே அச்சாயிற்று. 1971இல் அமெரிக்க வான்படை அதனை மொழிபெயர்த்தது. லாக்ஹீட் நிறுவனப் பொறியாளர் ஒருவர் அந்நூலைக் கற்று, எவ்வடிவம் ராடார் அலைகளை வந்த வழியே திருப்பாது வேறு திசைக்குச் சிதறடிக்கும் எனக் கணித்தார். பட்டை தீட்டிய கல்லைப்போன்ற எஃப்-117 வானூர்தி 1981இல் பறந்தது. 1988 நவம்பர் வரை அப்படி ஒன்று உண்டு என்பதையே அமெரிக்க அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அறிவு வெளிப்படையாய்ப் பிறந்தது. அதன் பயன் இருளில் வளர்ந்தது.

1991 ஜனவரி 17ஆம் நாள் இரவு அவ்வானூர்திகள் பாக்தாதின்மேல் குண்டு வீசின. அப்போரில் ஒன்றுகூடச் சுட்டு வீழ்த்தப்படவில்லை. பிப்ரவரி 13ஆம் நாள் அதிகாலையில், பாக்தாதின் அமிரியா பகுதியில் பொதுமக்கள் தஞ்சம் புகுந்திருந்த பதுங்கிடத்தின்மீது எஃப்-117கள் வீசிய இரண்டு குண்டுகள் 400க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தன. மாண்டோருள் மிகப் பலர் பெண்களும் குழந்தைகளும். படைத் தலைமையிடமெனக் கருதியே தாக்கினோம் என்று அமெரிக்கத் தரப்பு கூறிற்று. இப்னு ஸஹ்ல் ஒளியின் விதியை எழுதிய அதே நகரம்; இப்னுல் ஹைதம் பிறந்த அதே நாடு. அலைகள் எங்ஙனம் செல்லும் என்று உலகிற்குக் கற்பித்த மண்ணின் மக்கள், அலைகளை ஏமாற்றி வந்த வானூர்தியால் மாண்டனர். எந்நாட்டவர் எந்நாட்டவர்மீது செய்திருப்பினும் இக்கொடுமை கொடுமையே. எனினும் இத்தற்செயல் நெஞ்சைச் சுடுகிறது.

மறைதல் முழுமையானதன்று என்பதும் விரைவிலேயே மெய்ப்பட்டது. 1999 மார்ச் 27இல் செர்பியாவில், ஜோல்டான் டானி என்பாரின் படைப்பிரிவு, மீட்டர் அளவிலான நீண்ட அலைகளில் இயங்கும் பழைய ராடாரின் துணையோடு ஓர் எஃப்-117ஐச் சுட்டு வீழ்த்திற்று. ஒரு வகை அலைக்கு மறைந்தது மற்றொரு வகை அலைக்குத் தெரிந்துவிட்டது. உயிர் தப்பிய விமானி டேல் செல்கோவும் டானியும் பல்லாண்டுகட்குப் பின் நேரிற் சந்தித்து நண்பராயினர். மறைந்து பறந்தவரும் மறைந்திருந்து சுட்டவரும் முகம் பார்த்துப் பேசியபின் பகை நிற்கவில்லை.

இன்று பல நாடுகள் இவ்வழியில் செல்கின்றன. நம் கடற்படையின் ஷிவாலிக் என்னும் கப்பல் ராடாரில் எளிதிற் புலப்படாத வடிவுடன் 2010இல் பணியில் சேர்ந்தது. 2024 நவம்பரில் கான்பூர் ஐ.ஐ.டி. 'அனாலக்ஷ்யா' என்னும் மீப்பொருள் உறையை அறிமுகம் செய்தது. நாட்டைக் காப்பதற்கு இவை வேண்டா என்று கூறுவார் கூற்று நடைமுறைக்கு ஒவ்வாது. தன்னைக் காத்துக்கொள்ளக் கணவாய்க்கு உள்ள உரிமை நாட்டிற்கும் உண்டு. மறைந்தவன் பிறரைத் தாக்கும்போதுதான் கேள்வி பிறக்கிறது.

அம்பில் பொறித்த பெயர்

தமிழர்க்கு இக்கேள்வி புதிதன்று. கம்பனின் வாலி வதைப் படலம் இதனையே பேசுகிறது. எதிரே நின்று போரிடுபவன்மீது மூன்றாமவர் ஒருவர் மறைவிலிருந்து அம்பு எய்தது வீரமாகுமா, அறமாகுமா என்று வாலி கேட்கிறான். அளிக்கப்பட்ட விடைகள் போதுமா என்று தமிழுலகம் இன்றளவும் பட்டிமண்டபங்களில் வழக்காடுகிறது. நீதியரசர் மு.மு. இஸ்மாயில் அவர்கள் இது குறித்துத் தனி நூலே எழுதினார். அவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது இங்கு நம் நோக்கமன்று. ஒன்றை மட்டும் கூர்ந்து நோக்குக. மார்பில் தைத்த அம்பைப் பறித்து நோக்கிய வாலி, அதில் இராமன் பெயர் பொறித்திருக்கக் காண்கிறான். எய்தவனும் மறைவிடம் விட்டு எதிரே வருகிறான். வினாக்கள் கேட்கப்படுகின்றன, விடைகள் கூறப்படுகின்றன. மறைவிலிருந்து எய்த அம்பிலும் எய்தவன் பெயர் இருந்தது. வீழ்ந்தவனுக்குக் கேட்க ஒருவர் இருந்தார்.

அமிரியாவில் விழுந்த குண்டில் யார் பெயர் இருந்தது? அங்கு மாண்ட குழந்தையின் தாய் யாரை முன்னிறுத்திக் கேட்பாள்? மறைதல் அறிவியலின் அற நெருக்கடி இங்கேதான் இருக்கிறது.

பன்னாட்டுச் சட்டம் இதனை ஓரளவு எண்ணியுள்ளது. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதற் கூடுதல் நெறிமுறை, உருமறைப்பைப் போர்த் தந்திரமென ஏற்கிறது. நம்பவைத்துக் கொல்லும் வஞ்சகத்தைத் தடுக்கிறது. புதிய படைக்கருவி ஒன்றை ஆக்கும் நாடு, அது சட்டத்திற்கு உட்பட்டதா என்று ஆராயவேண்டுமெனவும் கட்டளையிடுகிறது. அமெரிக்கா இந்நெறிமுறையில் ஒப்பமிட்டதேயன்றி ஏற்புறுதி செய்யவில்லை. இந்தியாவும் இதில் இணையவில்லை. அகிம்சையை உலகிற்குப் போதித்த நாடு இதில் இணைவது பற்றி நம் பாராளுமன்றத்தில் முழுமையான விவாதம் நிகழ வேண்டும்.

இஸ்லாமிய வரலாறும் இங்கு வழிகாட்டுகிறது. முதற் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் சிரியாவுக்குப் படையனுப்பியபோது, பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லலாகாது, கனிமரங்களை வெட்டலாகாது, துறவிகளைத் துன்புறுத்தலாகாது என்று ஆணையிட்டார்கள். எதிரே நிற்பவர் யார் என்று கண்டால்தான் இவ்வாணையைக் கடைப்பிடிக்க இயலும். தன்னை மறைத்துக்கொண்டவன் எதிரியைக் காணும் கடமையிலிருந்து விடுபட்டவனல்லன். அவன் பார்வை இருமடங்கு கூர்மையாக இருத்தல் வேண்டும்.

போருக்கு வெளியேயும் இதே அளவுகோல் செல்லும். இன்று எளிய குடிமகன் நாள்தோறும் மேலும் மேலும் தெரிபவனாகிறான். அவன் நடமாட்டமும் உரையாடலும் வாங்கும் பொருளும் பதிவாகின்றன. அவனைக் காண்போரோ தெரிவதில்லை. 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரசு தெரிய வேண்டும் என்றது. 2017இல் உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் அளித்த தீர்ப்பு, குடிமகனின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஓர் ஒழுங்கு புலப்படும்: எளியோர்க்கு மறையும் உரிமை; அதிகாரத்திற்குத் தெரியும் கடமை. இவ்வொழுங்கு தலைகீழாவதை மறைதல் தொழில்நுட்பத்தின் பெயரால் ஏற்றல் ஆகாது.

ஆக்கத்திற்கு ஆகும் மறைதல்

இவ்வறிவியலின் சிறந்த எதிர்காலம் மறைந்து தாக்குவதில் இல்லை. காப்பதிலும் காட்டுவதிலும் உள்ளது. ஒளியைச் சுற்றி அனுப்பும் கணிதம் எல்லா அலைகட்கும் பொருந்தும். 2012இல் பிரான்சின் கிரனோபிள் நகருக்கு அருகே ஆய்வாளர்கள் நிலத்தில் 5 மீட்டர் ஆழமும் 32 செ.மீ. விட்டமும் உள்ள துளைகளை வரிசைப்பட இட்டு, நிலத்தை அதிரச் செய்தனர். துளைகளின் வரிசை அதிர்வலையைப் பெரிதும் திருப்பியனுப்பியது. நிலநடுக்க அலைகள் அச்சோதனை அலையைவிட மிக நீண்டவை. ஆதலின் ஊரைக் காக்கும் அரண் இன்னும் தொலைவிலேயே உள்ளது. எனினும் நிலநடுக்கத்தின் கண்ணிலிருந்து ஒரு மருத்துவமனையை மறைத்தல் என்னும் எண்ணம் எவ்வளவு உயர்ந்தது! 2008இல் அதே நாட்டு ஆய்வாளர்கள், வளையமாக நிறுத்திய சிறு தூண்களால் நீரலைகளின் போக்கை மாற்றிக் காட்டினர். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையைக் கண்ட நம் கடற்கரை மக்களுக்கு இத்தகைய ஆய்வின் மதிப்பை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆழிப்பேரலையின் நீளத்தோடு ஒப்பிட அச்சோதனை மிகச் சிறிது. ஆனால் திசை சரியானது.

காட்டுவதற்கான மறைதலும் உண்டு. தோக்கியோ பல்கலைக்கழகத்தின் சுசுமு தாச்சி 2003 அளவில், பின்னுள்ள காட்சியை முன்னே வீழ்த்தி, அணிந்தவர் ஊடே பார்ப்பதுபோல் தோன்றும் மேலங்கியைக் காட்டினார். அறுவை மருத்துவரின் கையோ கருவியோ நோயிடத்தை மறைக்காதிருக்க இம்முறை உதவும் என்பது அவர் எண்ணம். 2015இல் சாம்சங் நிறுவனம் அர்ஜென்டினாவில், சரக்கு லாரியின் முன்னே ஒளிப்படக் கருவியும் பின்னே திரையும் பொருத்தி, முன்னுள்ள சாலையைப் பின்னால் வருவோர்க்குக் காட்டிற்று. லாரியை முந்த முயன்று எதிரே வரும் வண்டியில் மோதி உயிர் நீப்போர் நம் சாலைகளில் எத்தனை பேர்! மாயப் போர்வைக்குச் செலவிடும் பொருளில் ஒரு சிறு பங்கு இதற்குச் செல்லலாகாதா?

முடிவாக

மறைதல் அறிவியல் இனியும் வளரும். அதனைத் தடுப்பது இயலாது, தடுக்கவும் வேண்டா. நாம் வேண்டுவன மூன்று. மறைந்து தாக்கும் கருவியை ஏவியது யார், எவ்விடத்தில், மாண்டவர் எத்தனைபேர் என்னும் கணக்கு உரிய காலத்தில் வெளிவர வேண்டும். புதிய கருவியை ஆக்குமுன் அதன் சட்டத்தகுதி ஆராயப்பட வேண்டும். காக்கவும் காட்டவும் பயன்படும் ஆய்வுகட்குப் போராய்வுக்கு நிகரான பொருளுதவி வேண்டும். தமிழ் பயிலும் மாணவ மணிகளும் இவை இயற்பியலார் கவலை என்று ஒதுங்குதல் கூடாது. அம்பில் பெயர் வேண்டும் என்னும் நுட்பம் நமக்குக் கவிஞன் வழி வந்தது.

பிளேட்டோவின் நூல் எழுப்பிய வினாவிற்கு இஸ்லாமிய மரபில் ஓர் ஏழைப் பெண் விடை கூறியிருக்கிறாள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவின் தெருக்களில் தம்மை அறிவிக்காது நடந்து, மக்கள் குறை கேட்பது வழக்கம். ஓர் இரவு, பாலில் நீர் கலக்குமாறு தாய் மகளிடம் கூறுவதும், உமர் இங்கு நின்று பார்க்கவா போகிறார் என்று அவள் வற்புறுத்துவதும், உமர் காணாவிடினும் உமரின் இறைவன் காண்கிறான் என மகள் மறுப்பதும் அவர்கள் செவியில் விழுந்தன. அந்நேர்மையைப் போற்றி அப்பெண்ணைத் தம் மகனுக்கே மணமுடித்தார்கள் என்று அவ்வரலாறு கூறுகிறது. இறைவனை நாம் காணாவிடினும் அவன் நம்மைக் காண்கிறான் என்னும் இவ்வுணர்வையே இஹ்ஸான் என்பர். அவள் கையில் மோதிரத்தைக் கொடுத்திருந்தாலும் பாலில் நீர் கலந்திருக்கமாட்டாள்.

அவ்வரலாற்றில் மறைந்து நடந்தவர் ஓர் ஆட்சியாளர். பசித்த குடிலொன்றைக் கண்டு, மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து சென்றதும் அத்தகைய ஓர் இரவில்தான். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்று நம் முன்னோர் கற்பித்த மறைதலும் அதுவே. தீமை செய்ய மறைபவன் எவ்வளவு நுண்ணிய போர்வையைப் போர்த்தினாலும் ஏதேனும் ஓர் அலைக்குத் தெரிந்தே தீருவான். நன்மை செய்ய மறைபவனுக்குப் போர்வையே தேவையில்லை.